பழுப்பு நிறச் சாட்சி

மூளையில் உள்ள ஒரு நொதியைக் கண்ணால் காண்பது எப்படி? பட்டமேற்படிப்புக்காக வடநாடு வந்த நாள்முதல் என் பொழுதெல்லாம் இந்தக் கேள்வியோடுதான் கழிகிறது. "ஆய்வுக்கூடத்தில் அப்படி என்னதான் செய்கிறாய்?" என்று மன்றத்து நண்பர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அந்த நொதியின் பெயர் டைரோசின் ஹைட்ராக்சிலேசு. நகட்சு, லெவிட், உடன்பிரண்ட் என்னும் மூவர் 1964-இல் இதைப் பற்றி அறிவித்தனர். பருப்பிலும் பாலிலும் நமக்குக் கிடைக்கும் டைரோசினை இது எல்-டோபாவாக மாற்றுகிறது. வேறொரு நொதி அதனை டோபமினாக்குகிறது. நடுமூளையில் டோபமின் சுரக்கும் நரம்பணுக்கள் மடிந்தால் கை நடுங்கும், உடல் விறைக்கும், நடை தளரும். 1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் எழுதிய நடுக்குவாதம் இதுவே.

மனித மூளையில் அப்பகுதி கருமையாகத் தெரியும். நாங்கள் ஆராயும் எலிக்கோ அக்கருமை கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே எதிர்ப்பொருளின் துணை வேண்டியிருக்கிறது. எலியின் நொதியைத் தூய்மையாக்கி முயலின் உடலில் செலுத்தினால், முயலின் குருதியில் அதற்கென்றே எதிர்ப்பொருள் உண்டாகும். அது சிறு குப்பியில் எங்களுக்கு விலைக்கு வருகிறது. மூளையை மெல்லிய சீவல்களாக அறுத்து, அதில் நனைத்து, ஓரிரவு குளிரில் வைக்கிறோம். அது தனக்குரிய நொதியைப் பற்றிக்கொள்கிறது. மறுநாள், முயலின் எதிர்ப்பொருளைப் பற்றக்கூடிய இரண்டாம் எதிர்ப்பொருளை இடுகிறோம். குதிரை முள்ளங்கி என்னும் செடியின் வேரிலிருந்து எடுத்த மற்றொரு நொதி அதனோடு பிணைந்திருக்கும். உரிய வேதிப்பொருள் சேர்ந்ததும் பழுப்பு நிறம் எழுகிறது. முள்ளை முள்ளால் எடுப்பதுபோல நொதியைக் கொண்டே நொதியைக் காண்கிறோம்!

ஈரோட்டில் என் பெரியப்பா தையற்காரர். மூன்றாண்டுகளாக வலக்கை நடுங்குகிறது. ஊசியில் நூல் கோக்க முடிவதில்லை. சென்ற மாதம் தொலைபேசியில், "உன் படிப்புலே என் கைக்கு மருந்து கிடைக்குமா கண்ணு?" என்று கேட்டார். ஆம் என்று சொல்ல மனம் துடித்தது. ஆனால் எதிர்ப்பொருள் மருந்தன்று. அது சாட்சி மட்டுமே. அவர் உண்ணும் மாத்திரையில் உள்ள எல்-டோபா மூளையில் டோபமினாகித் துன்பத்தைத் தணிக்கிறது; அணுக்களின் அழிவை நிறுத்துவதில்லை. பூனைக்காலி விதையைத் தின்னலாம் என்று ஊரார் சொல்கிறார்களாம். அவ்விதையிலிருந்து 1937-இல் தாமோதரனும் இராமசாமியும் எல்-டோபாவைப் பிரித்தெடுத்தது உண்மையே. ஆயினும், அளவறியாமல் மாத்திரையோடு அதையும் உண்ண வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள் என்றேன்.

அணுக்களைக் காக்கும் மருந்தொன்றை நாளை யாரேனும் கொண்டுவந்தால், சோதனை விலங்கின் மூளையில் அது பலித்ததா என்று இந்தச் சாட்சியைத்தான் கேட்பார்கள். ஆகவே சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்தாக வேண்டும். முதல் எதிர்ப்பொருள் இடாத சீவல் ஒன்றை எப்போதும் உடன் வைக்கிறோம். அதிலும் பழுப்பு வந்தால் மற்றவற்றின் பழுப்பை நம்பலாகாது. நிறம் மங்கியதும் அணு மடிந்தது என்று சொல்லிவிடவும் கூடாது. அணு உயிரோடிருக்க, நொதி மட்டும் குறைந்திருக்கலாம். வேறு சாயமிட்டு அணுக்களை எண்ணிய பின்னரே வாய் திறக்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்ட பெரியப்பா, "அளவெடுக்காம துணியை வெட்டக் கூடாதில்லே" என்றார். என் வேலையை அவரைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

நண்பர்களே, ஒருநாள் ஆய்வுக்கூடத்துக்கு வாருங்கள். பழுப்பேறிய அணுக்களை நுண்ணோக்கியில் காட்டுகிறேன். நிறமெழாத சீவலையும் சேர்த்தே காட்டுவேன்.