முன்பனிக் காலத்துக் கிறிஸ்துமஸ்

கிறிஸ்து பிறப்பு விழா அணுகுங்கால் கடைத்தெருவில் விற்கப்பெறும் வாழ்த்து மடல்களை நோக்குமின். வெண்பனி மூடிய கூரை, பனி சுமந்த ஊசியிலை மரம், மயிர்க்கம்பள உடை தரித்த முதியவர், அவரை ஈர்த்துச் செல்லும் கலைமான் வண்டி ஆகிய இவையே அவற்றிற் பெரும்பாலும் காணப்படுவன. தஞ்சை வளநாட்டிற் பிறந்து வரப்பின்மீது நடைபயின்ற எம்மனோர்க்கு இவற்றுள் ஒன்றேனும் கண்டறிந்த பொருளன்று. எனினும் இம்மடல்களையே நாம் ஒருவர்க்கொருவர் விடுத்து மகிழ்கின்றோம். காவிரி பாயும் எம் நாட்டில் இவ்விழா உண்மையில் எவ்வாறு நிகழ்கின்றது என்பதைச் சிறிது கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம்மூர் வழக்கில் பனி என்பது புல்நுனியிலும் நெற்கதிரிலும் துளித்து நிற்கும் நீரேயாகும். நம் முன்னோர் ஆண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதாகப் பகுத்து, மார்கழியையும் தையையும் முன்பனிக்கு உரிமையாக்கினர். மார்கழித் திங்களின் பத்தாம் நாளையொட்டி வருவது கிறிஸ்துமஸ். வேதாகமத்தைத் தமிழிற் பெயர்த்த அறிஞர், குளிர்நாட்டுப் பனியைக் குறிக்க நேர்ந்தவிடத்து ‘உறைந்த மழை’ என்று வழங்கினர். தமிழர் காணாத ஒன்றை அவர் கண்ட ஒன்றினைக் கொண்டு உணர்த்திய அத்தொடர் நனி அழகியது. ஆயினும் அவ்வுறைந்த மழை எம்மூரிற் பெய்வதில்லை. வைகறையில் வயலெங்கும் மஞ்சு மூடியிருக்கும். கதிரவன் எழுந்து இரண்டு நாழிகை கழியுமுன் அது கலைந்துவிடும். ஆராதனை முடித்து வீடு திரும்புங்கால் வெயில் சுள்ளென்று உறைக்கும். நண்பகலிற் புத்தாடை வியர்வையால் நனையும். ஆஸ்திரேலியாவிலோ இவ்விழா முதுவேனிற் காலத்திலேயே வருகின்றது. ஆதலின் பனியில்லாக் கிறிஸ்துமஸ் எமக்கே உரியதன்று. அதனைக் குறையென்று கருதுதலும் வேண்டா.

வந்த சமயத்தை மண்ணுக்கு உரியதாக்கிக் கொள்ளும் வழியினைத் தஞ்சையார் நெடுநாட்களுக்கு முன்னரே கண்டனர். சிவகங்கைப் பூங்காவையடுத்து 1779-ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற தேவாலயம் ஜெர்மானியராகிய சுவார்ட்ஸ் ஐயரின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. அவரிடம் இளமையிற் கற்றவர் இருவர்: ஒருவர் பின்னாளில் அரியணை ஏறிய இரண்டாம் சரபோஜி, மற்றொருவர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864). சாஸ்திரியார் பெத்லகேமைப் பாட விழைந்தபோது மேனாட்டுப் பாவகையை நாடினாரல்லர். குறி சொல்லும் குறத்தியை அழைத்து வந்து ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். யூதேயாவின் சிற்றூர் அதனால் எம் தெருவிற்கு அடுத்த தெருவாயிற்று என்னலாம்.

சாஸ்திரியார் பாட்டினாற் செய்ததனை எம் இல்லத்துப் பெண்டிர் அடுப்படியிற் செய்கின்றனர். விழாவிற்கு ஒரு வாரத்திற்கு முன்பே எம் வீட்டில் அதிரச மாவு இடிபடும். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றும் போகுமுன் இடித்துச் சலித்தல் வேண்டும். பின்னர் வெல்லப்பாகு. நீரில் ஒரு துளி இட்டாற் கரையாமலும், விரலால் உருட்டின் மெல்லத் திரண்டும் நிற்பதே பதம். பதம் தப்பின் அதிரசம் எண்ணெயிற் பிரிந்து போம், அன்றேற் கல்லாய் இறுகும். ஏலமும் சுக்கும் சேர்த்துப் பிசைந்த மாவு இரண்டொரு நாள் பானையிற் கிடந்த பின்னரே அடுப்பேறும். அடுத்தது அச்சு முறுக்கு. அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் கலந்த கரைசலில், கொதியெண்ணெயிற் காய்ச்சிய இரும்பச்சினை விளிம்பு மூழ்காவண்ணம் தோய்த்து எடுத்தல் வேண்டும். விளிம்பு மூழ்கின் மாவு அச்சினை விட்டுக் கழலாது. நார்வே, சுவீடன் முதலிய குளிர்நாடுகளிலும் இத்தகைய அச்சினாற் பலகாரம் செய்வர் எனக் கேட்டு வியந்தோம். ஆங்கு அடுப்பின் வெம்மை இன்பம் தருவதாகும். எம் வீட்டிலோ அத்தையாரும் அன்னையாரும் முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டே ஈடு எடுப்பர். எடுத்தவற்றை எண்ணி அடுக்குதல் எம் கடமை.

இனி, இவ்விழா வரும் காலத்தைப் பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். 1934-இல் மேட்டூர் அணை எழுந்த பின்னர், ஜூன் 12-ஆம் நாளில் நீர் திறப்பது மரபாயிற்று. இயலும் ஆண்டுகளிற் குறுவையும், அதன்பின் சம்பாவும் விளையும். சம்பா அறுவடையாவது தையில். கிறிஸ்துமஸ் வரும்போது சம்பாப் பயிர் கதிர் வாங்கும் நிலையில் நிற்கும். குதிரில் நெல்லும் கையிற் பொருளும் அருகியிருக்கும். பொங்கல், விளைந்ததற்கு நன்றி கூறும் விழா. கிறிஸ்துமஸோ, விளையுமென்று நம்பி உண்ணும் விழா.

அந்நம்பிக்கை சோதிக்கப்பட்ட ஆண்டொன்று உண்டு. யாம் பள்ளியிறுதி வகுப்பிற் பயின்ற ஆண்டு அது. கார்த்திகை மழை எங்கள் வயலிற் பல நாள் தேங்கி நின்று பயிரின் ஒரு பகுதியை அழுகச் செய்தது. விழா நெருங்கியபோது தந்தையார், “அம்மா, இவ்வாண்டு அடுப்பேற்ற வேண்டா, கடையில் ஒரு கேக் வாங்கிக்கொள்வோம்” என்றார். எம் அப்பாயி உடனே விடை கூறினாரல்லர். சிறிது நேரம் கழித்து, “களை பறித்தவர்களுக்குக் கூலி கொடுத்தாயிற்றா, தம்பி?” என்று வினவினார். “அறுவடைக்குப் பின் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்” என்றார் தந்தையார். “நாளைக்கே கொடுத்துவிடு. மிஞ்சுவதில் வெல்லம் வாங்கு. மிஞ்சாவிட்டால் வெறுஞ்சோறு போதும்” என்றார் அப்பாயி.

அவர் குரலில் இருந்த உறுதியின் காரணத்தை அன்றிரவு கேட்டறிந்தோம். 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, அந்நாளிற் பழைய தஞ்சை மாவட்டத்திற்கு உட்பட்டிருந்த கீழ்வெண்மணியில், கூலியுயர்வு கேட்டுப் போராடிய உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர், அஞ்சிப் புகுந்த குடிசையோடு கொளுத்தப்பட்டு மாண்டனர். அவருட் பெரும்பாலார் பெண்டிரும் சிறாருமாவர். அப்பாயி அப்போது பள்ளிச் சிறுமி. செய்தி ஊரை எட்டியபோது வீட்டில் விழாப் பலகாரம் இன்னும் தீர்ந்தபாடில்லை. அதனை எவரும் தொடவில்லையாம். “பிறந்தநாள் என்று நாம் பாடின அதே இராத்திரியில், நெல்லு கேட்டவர்கள் நெருப்பில் போனார்கள்” என்று கூறி, யாக்கோபின் நிருபத்தில் அறுத்தவர்களின் கூலியைக் குறித்து எழுதியிருக்கும் ஐந்தாம் அதிகாரத்தை எம்மைப் படிக்கச் சொன்னார்.

மறுநாள் கூலி முழுதும் கொடுக்கப்பட்டது. எஞ்சிய பணத்திற்கு ஒன்றரைப் படி அரிசிக்கு வேண்டிய வெல்லமே கிடைத்தது. வழக்கமாக ஆறு படி இடிப்பது உண்டு. அவ்வதிரசங்களையும் அப்பாயி வீட்டிற்கு இரண்டு வீதம் பகிர்ந்து, ஆண்டுதோறும் தட்டுச் செல்லும் வீடுகளுள் ஒன்றும் விடுபடாவாறு அனுப்பினார். தீபாவளிக்கு எமக்குத் தட்டு விடுத்தோர், பெருநாளுக்கு விடுத்தோர், களை பறித்தோர் ஆகிய அனைவர் வீட்டிற்கும் அவை சென்றன. எமக்கு எஞ்சியவை எண்ணெயில் உடைந்த துண்டுகளே. தையில் அறுத்தபோது வழக்கத்தில் ஏறக்குறையப் பாதியே கண்டுமுதலாயிற்று. அப்பாயி அதற்காக வருந்தியதை யாம் கண்டிலேம்.

அத்துண்டுகளைத் தின்றவாறே யாம் உணர்ந்தது ஒன்றுண்டு. கூலி என்பது கடன். பலகாரம் என்பது அன்பு. அன்பினைக் காட்டிக் கடனைத் தள்ளிவைத்தல் அறமாகாது. தட்டு நிறைய அதிரசம் கொடுத்துவிட்டுக் கூலியை நிறுத்தி வைப்பின், அவ்வினிப்பு கொடுப்போர்க்கே கசக்குமன்றோ? கடன் தீர்ந்த பின்னர் அனுப்பிய இரண்டே அதிரசத்தை ஏற்ற வீட்டார், நாணமின்றி வாங்கி நாணமின்றி உண்டனர். இருதிறத்தாரும் நிமிர்ந்து நின்று கொண்டாடிய அதனையே விழா என்று யாம் மதிக்கின்றோம்.

விடுமுறைக்கு இல்லம் செல்லும் மாணவ நண்பர்காள்! நும் அடுப்படியிலும் சிலர் வெயிலோடும் புகையோடும் போராடிக்கொண்டிருப்பர். இடிப்பதற்கும் சலிப்பதற்கும் ஒரு கை கொடுமின். இலையில் இடப்பெறும் சோறு எவர் கையால் நடப்பெற்றது, அவர்க்கு உரியது சென்று சேர்ந்ததா என்பதனையும் வினவுமின். அங்ஙனம் வினவி உண்ணும் இல்லந்தோறும் விழா இனிதாகுக.