பட்டை டோநட்டும் நம்ம ஊர் சுகரும்

"எண்ணெயில பொரிக்காம ஓவன்ல வச்சா டோநட் சாப்பிடலாம்ல டாக்டர்?" இந்த வாரம் மட்டும் மூணு பேர் கேட்டாச்சு. லீவு நாள்ல வீட்டுல நானே செய்யற ஐட்டம்ங்கறதால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல செய்முறை. ஈஸ்ட் கிடையாது, மாவு பொங்கற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். பேக்கிங் பவுடர்தான் உப்ப வைக்குது. அரை மணி நேர வேலை.

மைதா 190 கிராம், சர்க்கரை 100 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் ஜாதிக்காய்த் தூள். இது ஒரு பாத்திரத்துல. இன்னொன்னுல முட்டை 1, பால் 120 மில்லி, உருக்கின வெண்ணெய் 60 கிராம். ரெண்டையும் சேர்த்து கரண்டியால பத்து பதினைஞ்சு சுத்து, அவ்வளவுதான். அங்கங்க கட்டி தெரிஞ்சா பரவாயில்ல. போட்டு அடிச்சீங்கன்னா மைதாவுல இருக்கற குளூட்டன் இறுகி ரப்பர் மாதிரி ஆயிடும்.

24 குழி இருக்கற மினி மஃபின் டிரேல வெண்ணெய் தடவி மாவை ஊத்துங்க. முன்னாடியே 180 டிகிரி சூடேத்தின ஓவன்ல 10–12 நிமிஷம். பல்குத்தற குச்சியில மாவு ஒட்டலன்னா எடுத்துடலாம். சூடா இருக்கும்போதே 30 கிராம் உருக்கின வெண்ணெயில தோய்ச்சு, 50 கிராம் சர்க்கரையும் ஒன்றரை டீஸ்பூன் பட்டைத்தூளும் கலந்து அதுல புரட்டணும்.

ஓவன் இல்லையா? பணியாரக்கல் இருக்குல்ல. குழிக்கு ரெண்டு சொட்டு நெய், சின்ன தீ, மூடி போட்டு வேக விட்டு ஒரு தடவை திருப்பி விடுங்க. பிரெஞ்சுக்காரங்க பெஞே-ன்னு எண்ணெயில பொரிக்கறதுக்கு இது நம்ம ஊர் பதில்னு வச்சுக்கலாம் :)

இப்ப கணக்குக்கு வருவோம். ஓவன்ல வச்சா போறது பொரிக்கற எண்ணெய் மட்டும்தான். திரும்பத் திரும்பக் காய்ச்சின கடை எண்ணெய் உள்ள போகலங்கறது நிஜமாவே நல்ல விஷயம். ஆனா 150 கிராம் சர்க்கரை எங்கேயும் போகல. 24ஆல வகுத்தா ஒண்ணுக்கு 6 கிராமுக்கு மேல வருது. ஒரு நாளைக்குச் சேர்க்கற சர்க்கரை 25 கிராமுக்குள்ள இருந்தா இன்னும் நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நாலு உருண்டையில அது காலி. காலையில குடிச்ச காபிக்கு இடமே இல்ல. மைதா தனிக் கணக்கு.

இதை ஏன் இழுக்கறேன்னா, 2023ல வந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வுல இந்தியா முழுக்க சர்க்கரை நோய் 11.4 சதவீதம். புதுச்சேரியில 26.3. கோவாவுக்கு (26.4) அடுத்து நாமதான். பெரியவங்க நாலு பேர்ல ஒருத்தர்!

அடுத்த கேள்வி ரெடியா இருக்கும்: "பட்டை சுகரைக் குறைக்கும்ல?"

ஓபியில ஒரு அம்மா. சுகர் 380. மாத்திரை போடறீங்களான்னு கேட்டா, "அதை நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு டாக்டர், பட்டைத் தண்ணிதான் குடிக்கறேன். வீடியோல சொன்னாங்க." காலில் ஆறாத புண். அவங்களைத் திட்டி என்ன பண்றது? வீடியோ போட்டவர் புண்ணுக்குக் கட்டுப் போட வரப்போறதில்ல.

பட்டையை மருந்தா பயன்படுத்தற அளவுக்கு ஆதாரம் போதலன்னு 2012லயே காக்ரேன் ஆய்வு சொல்லிடுச்சு. இன்னொன்னு: கடையில மலிவா கிடைக்கற தடிச்ச, முரட்டுப் பட்டை பெரும்பாலும் கேசியா. அதுல கூமரின்னு ஒரு பொருள் இருக்கு. அளவு மீறினா சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். 60 கிலோ எடை உள்ளவருக்கு தினம் 2 கிராம் கேசியாதான் எல்லைன்னு ஜெர்மன் அரசு நிறுவனம் ஒண்ணு சொல்லுது. அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் கம்மி. இலங்கைக் கறுவா மெல்லிசா, சுருட்டு மாதிரி பல அடுக்கா இருக்கும். அதுல கூமரின் ரொம்பக் குறைவு. டோநட்ல தூவற பட்டை 24 உருண்டைக்குப் பிரியறதால அந்தப் பயம் வேண்டாம். வாசனைக்குப் போடுங்க, மாத்திரையைப் பாட்டுக்குப் போடுங்க.

சுகர் உள்ளவங்க ஆசைக்கு ஒண்ணு, சாப்பாட்டோட சேர்த்து எடுத்துக்கலாம். இன்சுலின் போடறவங்களுக்கு ஒரு வார்த்தை: சுகர் இறங்கி வேர்த்துப் படபடன்னு வந்தா இதைத் தேடாதீங்க. வெண்ணெய் இருக்கறதால சர்க்கரை ரத்தத்துல ஏற நேரமாகும். 15 கிராம் குளுக்கோஸ், இல்லன்னா மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் குடிங்க. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி டெஸ்ட் பண்ணுங்க.

முட்டை சேர்க்காதவங்க கால் கப் தயிர் ஊத்தலாம். கொஞ்சம் கனமா வரும், ருசி அப்படியே இருக்கும்.