அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’, 1988இல் வந்த தொகுப்பின் தலைப்புக் கதை. ராஜஸ்தானில் ஒரு கூட்டுக் குடும்பம். சமையலறை ஜன்னலுக்கு வெளியே மலை. அந்த இடத்தைக் கொஞ்சம் வசதியாக்கலாமே என்கிறாள் மருமகள் மீனாட்சி. எதற்கு என்கிறார் மாமனார். பிறகு ஜன்னலுக்கு எதிரே கொடி கட்டுகிறார்கள். காயும் துணி மலையை மறைத்துவிடுகிறது. சண்டை இல்லை, சத்தம் இல்லை.

இந்தக் கதையை வைத்து எல்லோரும் சமைப்பதைப் பற்றியே பேசுகிறோம். எனக்கு உறுத்துவது சாப்பாடு. நான் வாசித்த நவீன இலக்கியத்தில் பெண் சமைப்பாள், பரிமாறுவாள்; இல்லையென்றால் மறுப்பாள். ஹான் காங்கின் ‘தி வெஜிடேரியன்’ நாயகி கறி சாப்பிடுவதை நிறுத்துகிறாள். பெற்ற அப்பனே அவள் வாயில் கறியைத் திணிக்கிறான். 1975இல் மார்த்தா ராஸ்லர் எடுத்த ஆறு நிமிட வீடியோவில் கத்தியும் கரண்டியும் காற்றைக் குத்துகின்றன, எதுவும் வேகவில்லை. இரண்டும் எனக்குப் பிடித்தவைதான். ஆனால் ஆசையாகச் சாப்பிடுகிறவள் எங்கே?

ஆண்டாளிடம் இருக்கிறாள். நெய்யும் பாலும் வேண்டாம் என்று நோன்பைத் தொடங்குகிறவள், திருப்பாவையின் 27ஆம் பாட்டில் முழங்கைவரை நெய் ஒழுகச் சாப்பிடுகிறாள், அதுவும் தோழிகளோடு. கண்ணன் மேலுள்ள ஆசையும் வயிற்றுப் பசியும் அவளுக்கு வேறுவேறு இல்லை. கூடாரவல்லிக்கு அக்காரவடிசல் வாங்க வரிசையில் நிற்கிற நாம் அந்தக் கையை நினைப்பதே இல்லை.

அப்பா போனபிறகு அம்மா பெருங்குடிக்கு, என் ஃப்ளாட்டுக்கு வந்துவிட்டாள். ஃபோனில் ஆர்டர் போடும்போதெல்லாம், “உனக்கு எதுவோ அதையே எனக்கும் சொல்லிடு.” ஒருநாள் விடாமல் கேட்டேன், உனக்கு என்னம்மா பிடிக்கும்? அப்பாவுக்கு வத்தக்குழம்பு, தம்பிக்கு உருளை ரோஸ்ட், எனக்கு அடை என்று சொல்லிக்கொண்டே போனவள் நின்றுவிட்டாள். முப்பத்தைந்து வருஷம் சமைத்தவளுக்குப் பதில் வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

நாலு நாள் கழித்து, டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நெத்திலிக் கருவாடு. உங்கப்பாவுக்கு அந்த வாசனையே ஆகாது.”

வாங்கி வந்தேன். என்னைக் கிட்டவே விடாமல் அவளே வறுத்தாள். அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில் ‘எந்த வீட்டில்?’ என்று கேள்வி வந்தது, ம்யூட் செய்தேன். அம்மா எனக்குப் பரிமாறாமல், நின்றபடியே, கடாயிலிருந்து நேராக எடுத்துச் சாப்பிட்டாள். பாதி காலியானபிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

“உனக்கு வேணும்னா ஆம்லெட் போட்டுக்கோடி,” என்றாள்.