மஃரிபுக்குப் பின் அணையும் மணி

வீட்டில் எது பழுதானாலும் இப்போது வைஃபைதான் குற்றவாளி. வாப்பா கத்தாரிலிருந்து கொண்டு வந்த கமரா அழைப்பு மணி இரவில் அணைந்து அணைந்து எரிந்தபோதும் அப்படித்தான். "ரவுட்டரை மாத்துங்க" என்றார் பார்க்க வந்தவர்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. வைஃபைக்கு இரவு பகல் தெரியுமா? வாசலில் ஃபோனைப் பிடித்துப் பார்த்தேன். இரவிலும் சிக்னல் குறையவில்லை. இந்த மணியோ பகலெல்லாம் ஒழுங்காக இருந்து, மஃரிபுக்குப் பிறகுதான் சாகிறது. வாப்பா திரும்பிப் போனபின் வீட்டில் உம்மா, உம்மும்மா, நான், தங்கச்சி மட்டும். கதவுக்கு வெளியே நிற்பது யாரென்று நாங்கள் அறிய வேண்டியதும் அந்த நேரத்தில்தான்.

இருட்டியதும் கமரா தன் செந்நிறக்கீழ் விளக்குகளை ஏற்றுகிறது. அப்போது அது இழுக்கும் மின்னோட்டம் கூடும். எங்கள் பழைய மணியின் நிலைமாற்றி 12 வோல்ற்றுதான் தரும். புதியதன் பெட்டியிலோ 16 முதல் 24 வரை என்று எழுதியிருந்தது. போதாததற்கு வாசல்வரை நீண்ட மெல்லிய வயர். சுமை கூடும்போது அதிலும் வோல்ற்றளவு கொஞ்சம் விழும். பௌதிகவியல் வகுப்பில் தூக்கம் வரவைத்த அதே பாடம்!

நிலைமாற்றியின் மறுபக்கம் 230 வோல்ற்று என்பதால் நான் கை வைக்கவில்லை. உம்மா மின்வேலைக்காரரை அழைத்தார். அவர் பிரதான ஆளியை நிறுத்திவிட்டு 24 வோல்ற்று நிலைமாற்றியையும் தடித்த வயரையும் பொருத்தினார். அன்றிரவே வாசல் தெளிவாகத் தெரிந்தது.

கரண்ட் போனால் மட்டும் மணிக்கும் கண் தெரியாது. அப்போது உம்மும்மாதான் கதவோரம் நின்று, "ஆரது?" என்று அதட்டுவார்.