ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்குவோம்



"கல்வியை எங்கிருந்து திருத்தணும், டீச்சர்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இடைநிலை ஆசிரியையான நான் ஒன்றாம் வகுப்பிலிருந்து என்றுதான் சொல்வேன்.

மேலே நல்லவை நடந்திருக்கின்றன. 2020இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. 2022இல் புதுமைப் பெண் திட்டம் வந்தது. கல்லூரி போகும் நம் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய். அதே ஆண்டு கீழேயும் கவனம் திரும்பியது. தொடக்கப் பள்ளியில் காலை உணவு, 1 முதல் 3 வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும்.

நம் தளிப் பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. பல வீடுகளில் பேச்சு தெலுங்கு அல்லது கன்னடம். படத்தைக் காட்டினால் "நீரு" என்கிற கன்னட வீட்டுப் பிள்ளைக்குத் தண்ணீர் தெரியும். தமிழ்ச் சொல்தான் தெரியாது. அதை மந்தம் என்று ஒதுக்கினால் அந்தப் பிள்ளை பின்பெஞ்சோடு சரி. 2006ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயமாக்கியது. நல்லது. ஆனால் வீட்டுச் சொல்லிலிருந்து தமிழுக்குக் கைபிடித்து அழைத்துப்போக ஆள் வேண்டாமா?

ஓசூரில் கம்பெனிகள் எத்தனை வந்தாலும், வாசிக்கத் திணறுபவனுக்குக் கிடைப்பது கூலி வேலைதான்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்த்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். "ஒன்றாம் வகுப்பில் எங்கள் வீட்டுப் பேச்சு புரிந்தவர் யார்?" என்று கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.