சிம்லாவில் வெண்பனி வருமுன்

ஆண்டுதோறும் மார்கழி பிறந்ததும், வடக்கே வாழும் நம்மவர் இல்லங்களுக்கு ஊரிலிருந்து ஒரு கேள்வி வந்துவிடும்: "சிம்லாவில் பனி எப்பொழுது பெய்யும்? எந்தத் தேதிக்குப் பயணச்சீட்டு வாங்கலாம்?" இரயில்வே எழுத்தராகிய எனக்கு இக்கேள்வி பழகிப்போன ஒன்று. நெடுநாள் முன்னரே தேதி கூற எவராலும் இயலாது. ஆயினும் பனி வருமுன் வானம் சில அடையாளங்களைக் காட்டும். அவற்றை அன்பர்கள் அறிந்திருத்தல் நலம்.

கால்கா நிலையம் கடல் மட்டத்திற்கு மேல் 656 மீட்டர் உயரத்திலும், சிம்லா ஏறத்தாழ 2,075 மீட்டர் உயரத்திலும் உள்ளன. 1903-இல் திறக்கப்பெற்ற 96 கிலோமீட்டர் மலைப்பாதையில், நூற்றுக்கு மேற்பட்ட குகைகளைக் கடந்து சிறிய வண்டி ஏறுகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு டிகிரி குறையும். ஆதலின் கால்காவில் குடை பிடிக்க வைக்கும் மழையே சிம்லாவில் வெண்பனியாய் விழக்கூடும்.

இந்த மாரிக்கால மழை நாம் அறிந்த பருவக்காற்றால் வருவதன்று. மத்தியதரைக் கடற்பக்கம் தோன்றி, ஈரான், ஆப்கானிஸ்தானம் வழியே கிழக்கு நோக்கி வரும் காற்றழுத்தக் கலக்கமே அதற்குக் காரணம். இந்திச் செய்திகளில் 'பச்சிமீ விக்ஷோப்' என்று கேட்டிருப்பீர்கள். அது நெருங்குகையில் முதலில் மிக உயரத்தில் இறகு போன்ற மேகம் படரும். கதிரவனைச் சுற்றி வட்டம் தோன்றுவதும் உண்டு. பின்னர் மேகம் தடிக்கும், காற்றழுத்தம் இறங்கும். மேகம் போர்வைபோல் மூடுவதால் இரவு சற்று வெதுவெதுப்பாக இருக்கும். புதிதாய் வந்தோர் குளிர் தணிந்ததென்று மகிழ்வர். அதுவே ஆயத்தம் செய்யவேண்டிய வேளை!

பனி விழும் நாளினும் அது ஓய்ந்த மறுநாள் கொடிது. வானம் தெளியும், வடமேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும், இரவில் நிலத்தின் வெப்பமெல்லாம் வெளியேறும். மிதிபட்ட பனி கண்ணாடிபோல் இறுகி, நடப்போரை வழுக்கும், குழாய்நீர் உறையும். மலைப்பகுதியில் இரவு வெப்பம் 0 டிகிரிக்கு இறங்கி, வழக்கத்தினும் 4.5 டிகிரியேனும் குறைந்தால் அதனைக் குளிர் அலை என்பர்.

இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் 1905 முதல் 1928 வரை சிம்லாவிலேயே இருந்தது. இன்று அத்துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மூவண்ண எச்சரிக்கை விடுக்கிறது. மஞ்சளெனில் கவனித்திருக்கவும்; ஆரஞ்செனில் ஆயத்தமாகவும்; சிவப்பெனில் பயணத்தை ஒத்திவைக்கவும். "பனி பெய்யலாம்" என்பது பெய்யும் என்ற உறுதியன்று. அதனை நம்பிக் குழந்தைகளுக்கு வாக்களிக்க வேண்டாம்.

முக்கியமாக ஒன்று. குளிருக்கு அஞ்சி, கரி மூட்டிய அங்கீட்டியை மூடிய அறையில் வைத்து உறங்கலாகாது. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. உறங்குவோரை எழுப்பாமலே உயிர் கவரும். நம்மூரிலிருந்து வரும் முதியோருக்கு இதனை முதல்நாளே சொல்லிவிடுக.

நம்மை நடுங்கவைக்கும் இக்குளிரை மலைநாட்டு உழவர் ஆவலுடன் எதிர்நோக்குகின்றனர். மாரிக்குளிர் போதாவிடில் ஆப்பிள் மரம் செவ்வனே பூப்பதில்லை.