'குழுவினர்' என்றால் எத்தனை பேர்?

பங்குனி பிறந்துவிட்டால் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் திருவிழா நோட்டீஸ் ஒட்டாத சுவரைப் பார்ப்பது அபூர்வம். அன்னதானம் உபயம், பந்தல் உபயம், சீரியல் லைட் உபயம் என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கும். கடைசியில் ஒரு வரி: 'நையாண்டி மேளம் - இன்னார் குழுவினர்'.

நாதஸ்வரம், தவில், பம்பை, தமுக்கு, தாளம் என்று விடிய விடிய வாசிக்கிற அத்தனை பேரும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள். டியூப்லைட் வாங்கிக் கொடுத்தவரின் பெயர் லைட்டின் மேலேயே எழுதியிருக்கும். பம்பை அடித்தவரின் பெயரைத் தேடினாலும் கிடைக்காது.

இத்தனைக்கும் இசைக்குப் பஞ்சமில்லாத பூமி இது. மதுரை - கொல்லம் சாலையில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி வந்தால் ஆண்டாளின் முப்பது பாசுரங்கள் ஒலிக்கும். கையில் தாளமும் தலையில் கூம்புக் குல்லாயுமாக அரையர்கள் பாடி அபிநயிக்கும் அரையர் சேவை இன்றும் நடக்கும் மிகச் சில கோயில்களில் ஆண்டாள் கோயிலும் ஒன்று. ராஜபாளையமோ மில் சங்குக்கு எழுந்து பழகிய ஊர். தெருவில் தமிழ், பல வீடுகளில் தெலுங்கு. கல்யாணத்துக்கு பேண்டு செட், கோயில் திடலில் ஆர்கெஸ்ட்ரா.

இப்படி ஓர் ஊரில் வளரும் பிள்ளைகள் உறுமியையும் கிடாரையும் பக்கத்தில் வைத்துப் பாட்டுக் கட்டினால் அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. காது கேட்டு வளர்ந்தது அதைத்தான். ஆனால், 'சொந்தமாக ஒரு ஆல்பம் போடப் போகிறோம்' என்று வீட்டில் சொன்னால் வரும் முதல் கேள்வி, "சினிமாப் பாட்டுப் பாடுனா நாலு காசு வரும். இதுல என்னப்பா வரும்?"

நியாயமான கேள்விதான். பதிலைத் தேடினால் சென்னையின் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் கதை கண்முன் வருகிறது. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. 19 பேர் ஏறினார்கள். சாவு வீட்டுக்கு மட்டும் என்று பலர் ஒதுக்கிவைத்திருந்த கானாவும் பறையும் சட்டியும், கிடார், டிரம்ஸ், ராப்போடு ஒரே மேடையில் நின்றன. சாதியற்ற தமிழர்கள் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்தே குழுவுக்குப் பெயரும் வந்தது.

அதே ஆண்டில் அவர்களின் முதல் ஆல்பம் வந்தது. பெயர் 'மகிழ்ச்சி'. 'கபாலி' பார்த்தவர்களுக்கு அந்தச் சொல் ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. இடஒதுக்கீடு, மாட்டிறைச்சி, அம்பேத்கர் என்று சினிமா தயங்கும் விஷயங்களை அவர்கள் ஆட வைக்கும் தாளத்தில் பாடினார்கள்.

'இதில் என்ன வரும்' என்ற கேள்விக்கு ஒரு பதில், பெயர் வரும். ஆண்களே நிறைந்திருந்த கானாவில் பாடிய வடசென்னைப் பெண் இசைவாணி, 2020-ல் பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அரக்கோணத்திலிருந்து வந்த அறிவு, தனக்கென ஒரு குரலோடு நாடறிந்த பாடலாசிரியர் ஆனார்.

ஆனால், வந்த பெயர் தானாக நிலைத்துவிடுவதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து அறிவு எழுதிய 'எஞ்சாயி எஞ்சாமி', 2021-ல் உலகமெல்லாம் ஒலித்தது. அதே ஆண்டு ஒரு இசைப் பத்திரிகையின் அட்டைப்படத்தில் அவரைக் காணோம் என்று பெரிய விவாதம் எழுந்தது. அந்தப் பாட்டால் தங்களுக்கு வருமானம் வரவில்லை என்று 2024-ல் சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகச் சொன்னார். கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டுக்கே இந்தக் கதி.

அதனால், ஆல்பம் போட நினைக்கும் சின்ன ஊர்க் குழு ஸ்டூடியோவுக்குள் நுழையும் முன்பே உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒரு பாட்டில் வரிகளுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, பதிவு செய்த ஒலிக்கு ஓர் உரிமை என மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. ஒலிப்பதிவின் உரிமை பொதுவாக அதைத் தயாரித்தவருக்குப் போகிறது. வெளியான பிறகு 60 ஆண்டுகள் நிற்கிறது. எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்பதை 2012-ல் வந்த சட்டத்திருத்தம் உறுதி செய்தது. அவர்களுக்காக அதை வசூலிக்க ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு 1969-லிருந்தே இருக்கிறது.

பாட்டை இணையத்தில் ஏற்றும்போது ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்று 12 எழுத்து-எண் கொண்ட அடையாளம் கிடைக்கும். பாட்டுக்கு ஆதார் நம்பர் மாதிரி! எழுதியவர் யார், மெட்டுப் போட்டவர் யார் என்று கேட்கும் கட்டங்களை அவசரத்தில் காலியாக விடுவதுதான் பின்னாளில் சண்டைக்கு விதை. உறுமிக்காரருக்கு அன்றைய சம்பளம் மட்டுமா, வருமானத்தில் பங்கா? ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட ஐந்து நிமிடம் போதும். 'நம்ம பசங்கதானே, எதுக்கு எழுத்து' என்று தொடங்கிய சிநேகம்தான் முதலில் முறியும்.

பாட்டியிடம் கேட்டு வாங்கிய நாற்று நடவுப் பாட்டாக இருந்தால், பாட்டியின் பெயரையும் ஊரையும் போடலாமே. கட்டியவர் யார் என்று தெரியாவிட்டாலும், இன்று வரை காப்பாற்றி வைத்தவர் அவர்தானே?

கேட்பவர்களுக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகளின் பாட்டை வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பினால் அவர்களுக்குச் சல்லிக்காசு போகாது. அவர்களே ஏற்றிய பக்கத்தின் இணைப்பை அனுப்பினால், கேட்டவர் கணக்காவது சேரும். கல்யாண வீட்டில் மைக் கையில் கிடைத்தால், மாப்பிள்ளையின் தாய்மாமன் பெயரோடு வாசிப்பவர்களின் பெயரையும் சேர்த்துச் சொல்லலாம்.

அடுத்த பங்குனிக்கு நோட்டீஸ் அடிக்கும்போது விழாக் கமிட்டிக்காரர்கள் மேளக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்: "அண்ணே, உங்க செட்ல யார் யார் வர்றாங்க? பேரு சொல்லுங்க." கூடுதலாக ரெண்டு வரி அச்சடிக்க எவ்வளவு ஆகிவிடப்போகிறது?